பிரேக்குக்கு அடியில் கிடந்த எலுமிச்சை

மெக்கானிக் அமான் என் காரின் ஆக்சிலேட்டர் பெடலைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். விரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். பெடல் மேலே வரவில்லை. அமுங்கியபடியே நின்றது.

"பாருங்க ஐயா. காலை எடுத்தாலும் வண்டி ஓடிக்கினேதான் இருக்கும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜோதியம்மாள், என் பெண்சாதி, அந்தப் பெடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இந்த மாதிரி வண்டிகளையெல்லாம் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு, பெடலை இலவசமாக மாற்றித் தருகிறது என்று கடுதாசி வந்திருந்தது. இலவசம் என்று எவன் சொன்னாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். கிழித்துப் போட இருந்தேன். வளவனின் வக்கீல்தான், போயே ஆக வேண்டும் என்று எங்களை வேங்கிக்கால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்.

வளவன் என் மகன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்த வண்டியை ஓட்டியவன் அவன். பக்கத்தில் நான் இருந்தேன். அடி அண்ணாமலையில் வண்டி திடீரென்று சீறிக்கொண்டு ரோட்டோரத்து இட்லிக் கடைக்குள் புகுந்தது. கடைக்காரி கஸ்தூரி அங்கேயே போய்விட்டாள்.

"பிரேக்கைத்தான்பா மிதிச்சேன், நிக்கலைப்பா" என்று அன்றைக்கு அவன் கத்திக்கொண்டே இருந்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து குனிந்து பார்த்தார். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. காலையில் வண்டிக்குப் பூஜை போட்டு டேஷ்போர்டில் ஜோதியம்மாள் வைத்த பழம். இந்த ஊரில் பழம் வைக்காத வண்டி ஏது? மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உருளுகிற பொருளை முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டியது ஓட்டியவன் குற்றம் என்கிறது அரசாங்கத் தரப்பு. பதினாலாம் தேதி தீர்ப்பு. வண்டியில்தான் கோளாறு என்று கம்பெனி ஒரு காகிதம் கொடுத்தால் மகன் தப்பிப்பான். இல்லாவிட்டால் ஜெயில். அந்தக் காகிதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டு வருஷமாக ஜோதியம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையால் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமையானால் கஸ்தூரி வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வருவாள். முதலில் விரட்டினார்கள். அப்புறம் விரட்டுவதையும் விட்டுவிட்டார்கள்.

அமான் உள்ளே போய்ப் போன் பேசிவிட்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெடலை மாத்திக் குடுக்கச் சொல்றாங்க ஐயா. லெட்டர் மட்டும் முடியாதாம். ரிப்போர்ட்ல எலுமிச்சம்பழம்னு இருக்குது, பழம் உருண்டதுக்கு கம்பெனி இன்னா பண்ணும்னு கேக்குறாங்க."

"பெடலு மாட்டிக்கினு நிக்குதே, அது கண்ணுக்குத் தெரியலையாமா அவனுங்களுக்கு?"

"எனக்குத் தெரியுதுங்க. அவங்க பேப்பரைத்தான் பாக்குறாங்க."

ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள்.

"தம்பி, பழத்தை வச்சது நானு. என் பேரை எழுதிக்கோ. என்னைப் புடிச்சிக்கினு போவச் சொல்லு. என் புள்ளையை விட்டுடச் சொல்லு."

"உக்காருங்கம்மா. இது போலீஸ் ஸ்டேஷன் இல்லைங்க."

அவள் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ டேஷ்போர்டுல வச்சா" என்றேன். "பிரேக்குக்கு அடியில வச்சது நான்."

அமான் என்னைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

அன்றைக்கு வண்டி நின்றதும் வளவன் இறங்கிக் கஸ்தூரியைத் தூக்க ஓடினான். அப்போதும் பழம் டேஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அப்படியேதான் இருந்தது. பயல் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் பேச்சை எவனும் நம்பமாட்டான், பழத்தை நம்புவான். எடுத்துக் கீழே வைத்துக் கையாலேயே பெடலை அமுக்கினேன். சாறு விரலெல்லாம் எரிந்தது.

வளவனிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. பழத்தைப் பார்த்ததும் அவனும் அதையே நம்பிவிட்டான். ஜோதியம்மாளிடம் சொன்னால் கோர்ட்டில் உளறிவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அமானிடம் சொல்லி முடித்தேன்.

"இதை எழுதினா கேஸ் உங்க மேல திரும்பும் ஐயா."

"திரும்பட்டும். எழுது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்."

அவன் எழுத ஆரம்பித்தான். அப்போதுதான் ஜோதியம்மாள் என் பக்கம் திரும்பினாள். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"பெடலு சொன்னதும் நம்பிட்ட. புள்ள சொன்னப்போ?"

அமான் காகிதத்தை என் பக்கம் தள்ளினான். கையெழுத்துப் போட்டேன்.