சிக்னல் கிடைக்காத சிம்

"இருக்கறதுலயே மட்டமா சிக்னல் கெடைக்கிற சிம் ஒண்ணு குடும்மா" என்றார் மேற்பார்வையாளர்.

கடைப்பெண் காதைத் தீட்டிக்கொண்டாள். "நல்ல சிக்னலா சார்?"

"மட்டமா. மலைமேல போனா ஃபோனுக்கு உயிரே இருக்கக் கூடாது."

குடும்பத்தை விட்டு ஓடுகிற ஆளோ என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய மனைவியும் மகளும் கம்பளிக் குல்லாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய், ஆளுக்கு மூளை சரியில்லையோ என்ற சந்தேகம் வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து மனைவி கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். 'வெண்புறா' என்று அடர்நீல மையில் எழுதியிருந்தது. வியர்வையில் நனைந்து கசங்கியும் எழுத்து கலையவில்லை. கையெழுத்து மனைவியுடையது அல்ல. விவரம் தெரிந்த யாரிடமோ எழுதி வாங்கியிருக்கிறாள் போலும்.

"வெண்புறாவா? மலையில அது நெசமாவே புறா கால்ல சீட்டு கட்டி விடற மாதிரிதான் சார். போய்ச் சேர்ந்தா உண்டு."

"அதையே குடு."

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். விரிப்புகளில் நீல மையால் வார்டு எண் போடுவது முதல் தலையணை உறையை மடிக்கும் கோணம் வரை, அவர் கண் படாமல் அங்கே எதுவும் நடக்காது. தான் ஒரு நாள் வராவிட்டால் நோயாளிகள் வெறும் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அதன் பலனைப் போன குளிர்கால விடுமுறையில் குடும்பமே அனுபவித்தது. அருவி முன்னால், படகில், குதிரைமேல் என்று எடுத்த முப்பத்தெட்டுப் படங்களிலும் அவர் கை காதிலேயே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பல்வலியா என்று விசாரித்தார்கள். அவரும் ஆமாம் என்றே சொல்லிவைத்தார். உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

"வேலை எடத்துலேர்ந்து கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியுமா?" என்று இந்த முறை மனைவியிடம் வாதாடிப் பார்த்தார்.

"அவங்க எங்க கூப்பிட்டாங்க? அத்தனையும் நீங்க பண்ணதுதான்" என்றாள் அவள். "வெண்புறா போட்டாத்தான் பயணம். பழைய சிம் என் பீரோவுல இருக்கும்."

மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "இல்லன்னா நீங்களும் ஃபோனும் ஜோடியாப் போயிட்டு வாங்கப்பா. நாங்க வேற எடத்துக்குப் போறோம்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே சிம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

வெண்புறா கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. மலையில் முதல் வளைவு திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டது.

முதல் நாள் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடுதி அறையின் விரிப்புகளை உதறி, தன் கோணத்தில் மறுபடி மடித்து வைத்தார். விடுதிக்காரர் பார்த்துவிட்டு, மற்ற அறைகளுக்கும் வருவீர்களா என்று கேட்டார்.

இரண்டாம் நாள் மகளோடு நடக்கப் போய், பனிமூட்டத்தில் வழி தப்பி, ஒரு பாறைமேல் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் தன் தோள் உயரத்துக்கு வளர்ந்திருப்பதை அவர் அன்றுதான் கவனித்தார். இது எப்போது நடந்தது என்று கேட்க நினைத்து, வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார்.

ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? மூன்றாம் நாள் காலை, "காலாற நடந்துட்டு வரேன்" என்று நழுவினார். ஒரு மைல் கீழே இருந்த தேநீர்க் கடையில் கம்பி இழுத்த பழைய தொலைபேசி ஒன்று இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். திருட்டுப் பூனைபோல் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு எண்ணைச் சுழற்றினார்.

"சலவைப் பிரிவு, சொல்லுங்க" என்றார் உதவியாளர். அந்தக் குரலில் இத்தனை உற்சாகத்தை அவர் இதுவரை கேட்டதில்லை. பின்னால் ரேடியோ பாடியது. யாரோ தாளம் போட்டார்கள்.

"நான்தான் பேசறேன்."

ரேடியோ சட்டென்று நின்றது.

"வேலையெல்லாம் அப்படியே கெடக்கா?"

"இல்ல சார். விரிப்பெல்லாம் ஒம்பது மணிக்கே வார்டுக்குப் போயிருச்சு."

அவர் இருக்கும் நாட்களில் அது பதினொன்றைத் தாண்டும். "மூணாம் நம்பர் மெஷின்?"

"சத்தமே போடல சார்."

மெஷினுமா என்று அவர் ரிசீவரை முறைத்தார். உடனே தேறிக்கொண்டார். பாவம், லீவில் இருக்கிற மனிதரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறார்கள்.

"எனக்காக நீங்க சமாளிக்கறது புரியுது. கவலைப்படாதீங்க, நாளைக்கே கெளம்பி வந்துடறேன்."

"வேணாம் சார்" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பிறகு குசுகுசுவென்று ஏதோ ஆலோசனை. கடைசியில் உதவியாளர் அழாக்குறையாகக் கேட்டார்.

"அங்க எப்படி சார் லைன் கெடச்சுது? நல்லா விசாரிச்சுத்தானே அந்த சிம் பேரை உங்க வீட்டு அக்காகிட்ட எழுதிக் குடுத்தோம்?"