மாப்பிள்ளையின் டப்பா வண்டி

"இது வண்டியா மாப்பிள்ளை? டப்பாவுக்கு மூணு சக்கரம் மாட்டி உங்க தலையில கட்டியிருக்காங்க!"

டிரைவிங் ஸ்கூல்காரர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னலே திறந்துவிட்டது.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது தன் தங்கையின் கணவரை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மூன்று வருடமாக அந்த மூணு சக்கர பேட்டரி வண்டியில்தான் கடைக்குப் போய் வருகிறார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மேலே ஒரு கூரை. கதவு கிடையாது. வேகமும் அப்படி இப்படித்தான். பெருமையில் மட்டும் விமானம் ஓட்டுகிறவரே தோற்றுப்போவார்.

இன்று அதே வண்டியில் மனைவியோடு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் கிளம்பிவிட்டார். நாளை மாலை மகளுக்குப் பட்டமளிப்பு விழா. கல்லூரியிலேயே முதல் மாணவி.

"நாளைக்குக் காலைல என் கார்ல கிளம்பினா நாலே மணி நேரம். இதுல ரெண்டு நாள்! நடுவழியில படுத்துட்டா, புள்ளை மேடையில நின்னு உங்களைத் தேடணுமா?"

"படுக்காது மச்சான். ஒரு தடவை சார்ஜ் போட்டா தொண்ணூறு கிலோமீட்டர். எங்கெங்க நிக்கணும்னு எழுதியே வச்சிருக்கேன். சத்தம் இல்ல, புகை இல்ல. உங்க கார் இப்படிப் போகுமா?"

"தங்கச்சி, நீயாவது சொல்லேன்மா! என் கார்ல வர உனக்கென்ன? மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஓட்டின கார் பள்ளத்துல கவுந்தப்பகூட உன்னை ஒரு கீறல் இல்லாம வெளிய தூக்கினவன் நான்!"

"இவர் பிடிச்சா ஒரே பிடிதான். உங்களுக்குத் தெரியாதாண்ணா?" சிரித்துக்கொண்டே அவள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"வறட்டு ஜம்பம்! பெத்த பொண்ணைவிட டப்பா பெருசாப் போச்சு!"

தெருமுனை வரை அவர் குரல் துரத்தியது.

எண்பத்தைந்தாவது கிலோமீட்டரில் சார்ஜ் காட்டும் கோடுகளில் கடைசி ஒன்று மினுக்கியது. காகிதத்தில் எழுதியிருந்தபடியே அங்கே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரரிடம் கேட்டு ஒயரை மாட்டினார். நாலு மணி நேரம் ஆகும்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் முழுக்கத் தூசி, அதற்கு மேலே ஒரு பூரிப்பு.

"மூணு வருஷமா மார்க்கெட்டைத் தாண்டாதவ, எண்பத்தஞ்சு கிலோமீட்டர் வந்துட்டேங்க!"

"பின்னே! யார் பொண்டாட்டி?"

அவள் முந்தானைத் தூசியை உதறினாள். "பாவம் அண்ணன், உங்களைத் திட்டித் தீர்க்கறார். உண்மையைச் சொல்லிடலாமா?"

"என்னன்னு? கார் கவுந்ததுல இருந்து, கார், பஸ் எதுல கதவைச் சாத்தினாலும் உங்க தங்கச்சிக்கு மூச்சு முட்டுதுன்னா? அதைக் கேட்டா அந்த மனுஷன் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடுவாரா? அவர் பிழைப்பே அதுலதான். நான் ஜம்பக்காரன்னு பேர் வாங்கிட்டுப் போறேன். எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கியும் போனாள்.

பஞ்சர் கடைக்காரர் யாரும் கேட்காமலேயே மூன்று சக்கரத்துக்கும் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து பார்க்க நான் சொல்லலையே, தம்பி?"

"கார்க்காரர் ஒருத்தர் சொன்னார் சார். நீங்க வந்த அஞ்சாவது நிமிஷம் கடைக்குப் பின்பக்கமா வந்தார். டயர், பிரேக் எல்லாம் பார்த்துடு, நான் சொன்னதா சொல்லாதேன்னார். நான்தான் உளறிட்டேன். அதோ, வளைவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறார்."

கண்ணாடிக் கடைக்காரர் மெதுவாக நடந்து போனார். லாரி மறைவில் நின்றது மச்சானின் கார். கூரை மேலிருக்கும் டிரைவிங் ஸ்கூல் போர்டு கழற்றப்பட்டுப் பின்சீட்டில் கிடந்தது.

மச்சான் திருட்டு முழி முழித்தார். "அவ பார்த்துட்டாளா?"

"தூங்கறா. நீங்க நாளைக்குத்தானே..."

"டப்பாவை நம்பி உங்களை அனுப்பிட்டு நான் வீட்ல உட்காரவா?" எரிந்து விழுந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அந்த விபத்துக்கு மறுநாள் அவளை இதே மாதிரி ஸ்கூல் கார்லதான் வீட்ல கொண்டுவந்து விட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வண்டியில ஏதோ கோளாறுன்னீங்க."

"ஒரு கோளாறும் இல்ல. சொல்லித்தர்றவன் மிதிக்க பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் இருக்கும்ல? வழியெல்லாம் அவ கால் அதை மிதிச்சுக்கிட்டே வந்துச்சு. மிதிக்கிறோம்னே அவளுக்குத் தெரியல. வண்டி நின்னு நின்னு போச்சு. பயந்த காலை எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"அப்புறம் ஏன் என்னை இந்தத் திட்டு திட்டறீங்க?"

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, என் மனசு நோகக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கார்ல ஏறிடுவா. உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தாத்தான் அவ நிம்மதியா உங்க வண்டியில வருவா."

கண்ணாடிக் கடைக்காரர் மச்சானின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

அவள் எழுந்திருந்தாள். "எங்க போயிட்டீங்க?"

"சும்மா, காலாற நடந்தேன்."

சார்ஜ் முழுசாக ஏறியது. இருவரும் ஏறி உட்கார்ந்தபோது அவர் போன் அடித்தது. அவள் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்ன மாப்பிள்ளை, டப்பா எங்க படுத்துக்கிச்சு?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, வளைவு வரை கேட்கிற மாதிரி சொன்னார் அவர்.

"படுக்கறதா? எப்பவும் உங்க காருக்கு முன்னாடிதான் மச்சான் போய்க்கிட்டிருக்கு!"