வாசலில் ஒரு சாய்தளம்

அரசுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன தடை, நீக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கெடுத்துவந்த சௌம்யாவுக்கு, போலாரத்தில் அந்த அலுவலகத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. முப்பது கட்டடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, படிக்கட்டை ஒட்டி ஒரு சாய்தளம். சரிவும் அகலமும் கச்சிதம்.

“யார் கட்டினது?” என்று கிளார்க் எட்வினைக் கேட்டாள்.

“எங்க ஆபீசர்தான் மேடம். ஒரே மாசத்துல அனுமதி வாங்கிக் கட்டிட்டாரு.”

“நல்ல மனசு அவருக்கு.”

“ஹவ், ஆமா மேடம். வெயில்ல நிறுத்தினா பைக் சீட்டு சுடுதாம். இப்ப நேரா ஹாலுக்குள்ளயே ஏத்திடுறாரு.”

‘செலவு பூஜ்யம்’ என்று எழுதிக்கொண்டிருந்த சௌம்யாவின் பேனா நின்றது.

“வீல்சேர்ல யாராவது வந்தா?”

“போன வாரம் ஒருத்தர் வந்தாரு மேடம். சாய்தளம் முடியுற இடத்துல பைக் நிக்குது, படி வழியா வாங்கன்னு சொல்லிட்டோம்.”