முதல் செருப்பு

பட்டணத்துக் கல்லூரியின் போட்டோ வகுப்பு ஜவ்வாது மலையில் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. காலை வெயில் இலைகளுக்குள் புகுந்து மாதம்மாளின் முகத்தில் பொட்டுப் பொட்டாய் விழுகிறது. மகன் தீர்த்தகிரி ஆலங்காயத்தில் வாங்கித் தந்த செருப்பு, அவள் காலுக்கு வாய்த்த முதல் செருப்பு. தேயும் என்று வழியெல்லாம் கையில் தூக்கி வந்து, படத்துக்காக இப்போதுதான் மாட்டிக்கொள்கிறாள். கேமரா பிடித்திருப்பவன் அந்த மகன்தான். பெற்றவள் என்று வகுப்பில் யாருக்கும் தெரியக்கூடாது, டா போட்டுக் கூப்பிடாதே என்று விடியும்போதே சொல்லிவைத்திருக்கிறான். களி கிண்டிப் போட்டு வளர்த்தவளுக்குப் படிப்பு தந்த மரியாதை அது. வாத்தியார் அவன் தோள்மேல் குனிகிறார். "செருப்பு எதுக்குப்பா? மலைக்காரி மாதிரியே இல்ல. வேண்டாததை வெட்டு, அதுதான் கம்போசிஷன்." பின்னாலிருந்து ஒருத்தன், "டவுன் கிழவிடா!" என்று இளிக்கிறான். தீர்த்தகிரி கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குகிறான். கேமராக் கண்ணாடியிலிருந்து முதலில் செருப்பு மறைகிறது, பிறகு கணுக்கால், பிறகு புடவைக் கரை. கிளிக். விறைத்து நின்றவள் மூச்சு விடுகிறாள். மகன் விடியும்போது சொன்னதை மீறாமல் அவனைக் கேட்கிறாள்: "சார், போட்டோவுல செருப்பு வுழுந்துச்சுங்களா?" "வுழுந்துச்சும்மா" என்கிறான், தலை நிமிராமல் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே.