ரெண்டு ரூபாய் மிளகு

மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வரி இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியம், எழுபத்தொன்பதாம் வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் எனக்குச் சொன்னது இது.

அன்று காலையில்தான் அவர் பஸ்ஸேறி செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கே தெரசம்மாள் என்ற அம்மாவின் வீட்டு வாசலில் நின்று கறாராகவே கேட்டார்.

"மாசா மாசம் மூணு வி.பி.பி. அனுப்பறீங்க. பெங்களூர், கோலார், பாலக்காடு. வாங்கறவங்க தபால்காரர்கிட்டப் பணம் கட்டினாத்தான் பார்சல் கைக்கு வரும். வெளி மாநிலத்துக்கு வித்துட்டு வரி கட்டாம இருக்கீங்களே?"

"என்ன வரிங்க?"

"மத்திய விற்பனை வரி. எல்லை தாண்டி ஒரு ரூபாய்க்கு வித்தாலும் பதிவு பண்ணணும். உள்ளே என்ன?"

"மிளகுங்க. நம்ம கொடியில காய்ச்சது. அரைக்கிலோ."

"விலை?"

"ரெண்டு ரூபாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைக்கிலோ மிளகு ரெண்டு ரூபாயா? யாருக்குக் காது குத்தறீங்க?"

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க ஆபீசரு, அதெல்லாம் அவ பெத்த புள்ளைங்களுக்குப் போறதுங்க. புள்ளைங்ககிட்டயே காசு வாங்கற மகராசி இவ ஒருத்திதான்!"

அவர் பேனாவை மூடினார். இது விற்பனையே இல்லை. ஆனாலும் மனசு கசந்தது.

"சும்மா அனுப்பினா என்னம்மா? அந்த ரெண்டு ரூபாய் வந்துதான் ஊடு நிறையப் போகுதா?"

தெரசம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

"மூணு வருசம் சும்மாத்தானுங்க அனுப்பினேன். சேந்துச்சா இல்லையான்னு ஒரு கடுதாசி இல்லீங்க. வி.பி.பி.ன்னா, அவங்க பணம் கட்டினதும் எனக்கு மணியார்டர் வந்துருது. அதுல ஊர் முத்திரை, தேதி எல்லாம் இருக்கு. அன்னைக்கு எம்புள்ள நல்லா இருந்து கதவு தொறந்திருக்கான்னு தெரிஞ்சுக்குவேனுங்க."

உள்ளே மாதா படத்துக்குக் கீழே, அரக்கு உடையாத பார்சல் ஒன்று இருந்தது. மேலே விலாசம்: ஸ்தனிஸ்லாஸ், கோலார்.

"சின்னவனுங்க. இந்த மாசம் திரும்பி வந்துருச்சு," என்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வரி எவ்வளவுன்னாலும் கட்டிடறேன் சாமி. அனுப்பறதை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க."

'விற்பனை ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டு பஸ்ஸேறினாராம்.

நான் தினமும் ஜெபத்தில் அந்தக் கோலார் வீட்டுக் கதவை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் பேருக்கும் மலையிலிருந்து ஒரு வி.பி.பி. வந்தால், திருப்பி மட்டும் அனுப்பிவிடாதீங்க, கண்ணு.