பாலத்துப் பூதம்

மாறி மாறி முறைவைத்து ஆடும் மாயாஜாலப் போர் விளையாட்டு அது. அதன் இரண்டாம் பாகத்தை ஜெசிந்தா தனியாளாக நான்கு வருடம் உழைத்து முடித்திருந்தாள். வெளியான மறுநாளே நாற்பதாயிரம் கருத்துகள். அவரவருடைய செயற்கை நுண்ணறிவுச் செயலியே ஆடி, அவரவர் பெயரில் கருத்தும் எழுதிவிடுகிற காலம். அத்தனையும் ஐந்து நட்சத்திரம். அத்தனை பேரும் இறுதிப்போரில் கண்கலங்கியிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தார்: "முதல் பாலத்துல நிக்கிற பூதம் நகரவே மாட்டேங்குது. நேத்துலேருந்து உக்காந்திருக்கேன், என் முறை வரவேயில்ல."

சோதிக்கும் வேலையையும் செயலியிடமே விட்டிருந்த ஜெசிந்தா, முதன்முறையாகத் தானே ஆடிப் பார்த்தாள். பாலத்தை யாராலும் தாண்ட முடியாது.

அவள் பதில் எழுத உட்கார்ந்ததும் கணவன் அருள்ராஜ் எட்டிப் பார்த்தான். "திட்டுறவனுக்கெல்லாம் எதுக்குப் பதில் எழுதுற?"

"இவரு ஒருத்தருதாங்க விளையாடியிருக்காரு."