லாம்டா எடுத்த விடுப்பு

ஒரு கல்லூரியில், கரும்பலகைக்குப் பின்னால் கிரேக்க எழுத்துகள் குடியிருந்தன. ஆசிரியர் கூப்பிட்டால் முன்னால் போய் நிற்க வேண்டும்; அழித்ததும் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம்.

அவற்றில் லாம்டாவுக்கு மட்டும் ஓய்வே கிடைக்கவில்லை. இயற்பியல் வகுப்பில் அது அலைநீளம். மேலே ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிடுவதற்குள் கணித வகுப்பு கூப்பிடும். அங்கே அது அணிக் கணக்குகளில் வரும் ஐகன் மதிப்பு. அன்றைக்குக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து திரும்பியபோது அதன் முகமே சரியில்லை.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டது பக்கத்தில் படுத்திருந்த பை என்ற எழுத்து.

"புரோகிராம் எழுதுறப்ப, பேரு வைக்கக்கூட யாருக்கும் தோணாத ஃபங்ஷனுக்கெல்லாம் என்னைப் போடுறாங்க. உனக்கென்னப்பா, எங்க போனாலும் அதே வட்டக் கணக்குதான். என்னால முடியல. நாளைக்கு நான் போகப்போறதில்ல. நான் இல்லாம எப்படிப் பாடம் நடத்துறாங்கன்னு பார்க்குறேன்."

மறுநாள் கணித ஆசிரியை கூப்பிட்டபோது லாம்டா அசையாமல் படுத்திருந்தது. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "சரி, மியூன்னு வச்சுக்குவோம்," என்றார்.

மியூ போய் நின்றது. கணக்கு முடிந்தது; விடையும் சரியாக வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பலகையின் இடுக்கு வழியே லாம்டா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத் தூங்கினியா?" என்றது பை.

லாம்டா எழுந்து உட்கார்ந்தது. அடுத்து இயற்பியல் ஆசிரியர் உள்ளே வந்தார். அவர் சாக்பீஸைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் லாம்டா, வலிக்கிற கால்களை இழுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டது.